வன்தட்டைக் கட்டளை வரியில் பிரிக்கும்போது தரவு அழிவது எந்த இடத்தில்?

லினக்ஸ் இயங்கும் கணினி ஒன்றில், கோப்புகள் நிறைந்த பழைய வன்தட்டுடன் 2 டெராபைட் கொள்ளளவுள்ள புதிய வன்தட்டு ஒன்றும் சேர்க்கப்பட்டுள்ளது. புதியதைக் கட்டளை வரியிலிருந்தே இரண்டு மூன்று பார்ட்டிஷன்களாக, அதாவது தனித்தனிப் பகுதிகளாக, பிரிக்க வேண்டும். முடியுமானால் பழையதில் உள்ள பெரிய பார்ட்டிஷனையும் சுருக்கி இடம் எடுக்க வேண்டும். எதுவும் அழிந்துவிடக் கூடாது. இதற்கு எந்தக் கருவி ஏற்றது, எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதே கேள்வி.

இரண்டையும் செய்யலாம். முதலாவது சில நிமிட வேலை. இரண்டாவதற்குப் பொறுமையும் கொஞ்சம் கணக்கும் தேவைப்படும். தரவு உண்மையில் எந்தக் கட்டத்தில் அழிகிறது என்பது தெளிவானால் மற்ற முன்னெச்சரிக்கைகளின் காரணம் தானாகவே விளங்கிவிடும் என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பார்ட்டிஷன் அட்டவணை மிகச் சிறியது. வன்தட்டு தன் இடத்தை செக்டர் என்ற சிறு துண்டுகளாக எண்ணி வைத்திருக்கிறது. எந்தப் பார்ட்டிஷன் எந்த செக்டரில் தொடங்குகிறது, எதில் முடிகிறது, அது என்ன வகை என்ற குறிப்புகளைத் தவிர அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. 1983-ஆம் ஆண்டு பிசி டாஸ் 2.0 உடன் வந்த எம்பிஆர் என்ற பழைய அட்டவணை முறையில், வன்தட்டின் முதல் 512 பைட்டுகளுக்குள் வெறும் 64 பைட்டுகளில் இந்த அட்டவணை அடங்கிவிடுகிறது. ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட் வீதம் நான்கு பதிவுகள். செக்டர் எண்களை 32 பிட்டுகளில் எழுதுவதால், 512 பைட் செக்டர் கொண்ட வன்தட்டில் ஏறத்தாழ 2.2 டெராபைட்டுக்கு மேல் அதனால் சுட்ட முடியாது. கணினியைத் தொடக்கிவைக்கும் தள மென்பொருளான யூஈஎஃப்ஐ உடன் வந்த ஜிபிடி என்ற புதிய அட்டவணை முறை இந்தக் குறைகளைத் தீர்த்தது. வழக்கமான அமைப்பில் 128 பதிவுகளுக்கு இடம் உண்டு. தலைப்புக்கும் பதிவுகளுக்கும் சரிபார்ப்புத் தொகை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அட்டவணையின் இன்னொரு பிரதி வன்தட்டின் கடைசி செக்டர்களில் இருக்கிறது. உங்கள் 2 டெராபைட் வன்தட்டு எம்பிஆர் எல்லைக்குள் அடங்கும் என்றாலும், அந்த இரண்டாம் பிரதி ஒன்றுக்காகவே ஜிபிடியைத் தேர்ந்தெடுங்கள். மிகப் பழைய கணினி ஒன்றில் பொருத்தி அதிலிருந்தே பூட் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் மட்டும் எம்பிஆரைப் பற்றி யோசிக்கலாம்.

அட்டவணையில் ஒரு பதிவை நீக்கினால் அந்தப் பார்ட்டிஷனுக்குள் இருக்கும் கோப்புகள் தொடப்படுவதில்லை. அதே தொடக்க செக்டரையும் அதே முடிவு செக்டரையும் மீண்டும் எழுதிவிட்டால் எல்லாம் பழையபடி தெரியும். ஆகவே அட்டவணையில் நேரும் பிழை பெரும்பாலும் மீட்கத்தக்க பிழை. மீட்க முடியாதவை வேறு. தவறான பார்ட்டிஷனில் புதிய கோப்பு முறைமையை (கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் அமைப்பை) உருவாக்குவது, அதாவது ஃபார்மட் செய்வது, முதல் அபாயம். எஸ்எஸ்டி என்றால் இது இன்னும் கடுமையானது. ஈஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமைகள் இரண்டையும் உருவாக்கும் கட்டளைகள் இயல்பாகவே அந்தப் பகுதி முழுவதும் தேவையில்லை என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடுவதால், பழைய தரவை மீட்கும் வாய்ப்பு அநேகமாக அற்றுப்போகிறது. கோப்பு முறைமையைச் சுருக்காமல் பார்ட்டிஷனை மட்டும் சுருக்கிவிட்டு, விடுபட்ட இடத்தில் வேறொன்றை எழுதுவது இரண்டாவது அபாயம். இந்த இரண்டுக்கும் முன்னதாக நிற்பது, வேலையைத் தவறான வன்தட்டில் செய்வது.

காப்புப் பிரதியைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. இழந்தால் வருந்தக்கூடிய எல்லாவற்றுக்கும் வேறொரு சாதனத்தில் பிரதி இருக்க வேண்டும். அதிலிருந்து சில கோப்புகளையாவது திறந்து பார்த்திருக்க வேண்டும். அதே வன்தட்டின் இன்னொரு பார்ட்டிஷனில் உள்ள பிரதி கணக்கில் சேராது. பல வன்தட்டுகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு அமைப்பும் சேராது, ஏனெனில் தவறான கட்டளையை அது எல்லா வன்தட்டுகளிலும் ஒரேபோல நிறைவேற்றிவிடும். பழைய வன்தட்டில் கை வைக்கும் முன் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையால் அதன் உடல்நிலையையும் பாருங்கள். மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்களோ, படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களோ கூடிக்கொண்டிருந்தால், அந்த வன்தட்டுக்குத் தேவை உடனடியாக ஒரு முழு நகல். பார்ட்டிஷன் வேலையை அதற்குப் பிறகு, வேறு வன்தட்டில் வைத்துக்கொள்ளலாம்.

இனி மிக முக்கியமான கட்டம்: எந்த வன்தட்டு எது என்று அறிவது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னல், வன்தட்டுகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்று கண்டறிந்த வரிசையில் பெயர் வைக்கிறது. இந்தப் பெயர்கள் நிலையானவை அல்ல. நேற்று எஸ்டிபி ஆக இருந்த வன்தட்டு, ஒரு யுஎஸ்பி டிரைவ் செருகியிருந்ததாலோ கேபிளை வேறு துளைக்கு மாற்றியதாலோ இன்று எஸ்டிஏ ஆக இருக்கலாம். ஆகவே பழைய குறிப்பில் இருக்கும் பெயரையும், டெர்மினலின் கட்டளை வரலாற்றில் மேலம்புக்குறியை அழுத்தி எடுத்த பெயரையும் நம்பக் கூடாது. வன்தட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் அளவு, மாடல், தொடர் எண், கோப்பு முறைமை, மவுண்ட் ஆகியுள்ள (பயன்பாட்டுக்கு ஒரு கோப்பகமாக இணைக்கப்பட்டுள்ள) இடம் ஆகிய நெடுவரிசைகளைக் கேட்டுப் பெற்று, தொடர் எண்ணை வன்தட்டின் மேல் ஒட்டியுள்ள லேபிளுடன் ஒப்பிடுங்கள். ஒரே மாடலில் ஒரே கொள்ளளவில் இரண்டு வன்தட்டுகள் இருக்கும் கணினியில் தொடர் எண் ஒன்றே உங்களைக் காக்கும். தேவ் கோப்பகத்துக்குள் டிஸ்க் என்ற துணைக் கோப்பகமும் அதற்குள் பை-ஐடி என்ற இன்னொன்றும் உண்டு. மாடலும் தொடர் எண்ணும் சேர்ந்த நீண்ட பெயர்கள் அங்கே கிடைக்கும். கட்டளைகளில் அந்த நீண்ட பெயரையே கொடுக்கும் பழக்கத்தை நான் வலியுறுத்திப் பரிந்துரைப்பேன். தட்டச்சு செய்யச் சற்று நேரம் பிடிக்கும், ஆனால் ஓரெழுத்துப் பிழையால் அடுத்த வன்தட்டுக்குத் தாவிவிடும் அபாயம் அதில் இல்லை. இந்த வேலைக்குத் தேவைப்படாத வன்தட்டுகளைக் கழற்றிவைக்க முடியுமானால் அதைவிட நல்ல பாதுகாப்பு எதுவும் கிடையாது.

மவுண்ட் ஆகியுள்ள இடம் என்ற நெடுவரிசை வெறுமையாக இருந்தால் அந்த வன்தட்டு காலி என்று எண்ணிவிடாதீர்கள். பல பார்ட்டிஷன்களைச் சேர்த்து ஆளும் எல்விஎம் தொகுதியின் ஒரு பகுதியாகவோ, மென்பொருள் ரெய்டின் உறுப்பாகவோ, லக்ஸ் குறியாக்கம் செய்யப்பட்டதாகவோ இருக்கும் பார்ட்டிஷன், மவுண்ட் ஆகாமலேயே தரவைச் சுமந்திருக்கும். கோப்பு முறைமை நெடுவரிசை அதைச் சொல்லிவிடும். வைப்எஃப்எஸ் கட்டளையை எந்த விருப்பமும் சேர்க்காமல் ஓட்டினால் அது எதையும் அழிக்காது. வன்தட்டில் காணப்படும் அடையாளங்களைப் பட்டியலிட்டு நிறுத்திக்கொள்ளும். நினைவகத்துக்குத் துணையாக உதவும் ஸ்வாப் பார்ட்டிஷன் பயன்பாட்டில் இருந்தால் அதையும் முதலில் நிறுத்திவிட வேண்டும்.

வன்தட்டு உறுதியானதும், அதன் தற்போதைய அட்டவணையைச் சேமித்துக்கொள்ளுங்கள். எஸ்எஃப்டிஸ்க் கட்டளையின் டம்ப் விருப்பம் முழு அட்டவணையையும் சாதாரண உரைக் கோப்பாகத் தரும். அதையே மறுபடி உள்ளீடாகக் கொடுத்தால் அட்டவணை மீண்டும் எழுதப்படும். சில வரிகளே உள்ள அந்தக் கோப்பை யுஎஸ்பி டிரைவிலும், இயன்றால் ஒரு தாளிலும் வைத்திருங்கள். மேலே சொன்ன மீட்கத்தக்க பிழையை உண்மையிலேயே மீட்கத்தக்கதாக ஆக்குவது இந்தக் கோப்புதான்.

கருவியைத் தேர்வு செய்யும்போது கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. எஃப்டிஸ்க், ஜிடிஸ்க் இரண்டும் நீங்கள் செய்யும் மாற்றங்களை நினைவகத்தில் வைத்திருந்து, எழுதச் சொல்லும்போது மட்டும் வன்தட்டில் எழுதுகின்றன. பார்ட்டெட் அப்படிக் காத்திருப்பதில்லை. ஒவ்வொரு கட்டளையும் உடனே நடைமுறைக்கு வந்துவிடும். புதிதாகப் பழகுபவர்கள் எஃப்டிஸ்க்கில் தொடங்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. இன்னொன்று: எஃப்டிஸ்க்கை உண்மையான வன்தட்டில்தான் பழக வேண்டும் என்பதில்லை. டிரங்கேட் கட்டளையால் 2 ஜிபி அளவுள்ள வெற்றுக் கோப்பு ஒன்றை உருவாக்கி, வன்தட்டின் பெயருக்குப் பதிலாக அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்தால், எஃப்டிஸ்க் அதையே வன்தட்டாகக் கருதி வேலை செய்யும். லாஸ்செட்டப் கட்டளையால் அதை லூப் சாதனமாக, அதாவது போலி வன்தட்டாக, இணைத்தால் கோப்பு முறைமையை உருவாக்குவது, சுருக்குவது, அட்டவணையை வேண்டுமென்றே அழித்துவிட்டு டம்ப் கோப்பிலிருந்து மீட்பது எல்லாவற்றையும் ஆபத்தில்லாமல் செய்து பார்க்கலாம். பழைய வன்தட்டைத் தொடும் முன் அந்த மீட்பை ஒருமுறையாவது செய்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது புதிய வன்தட்டு. எஃப்டிஸ்க்கின் கட்டளைகள் ஓரெழுத்துக் கட்டளைகள். பெரும்பாலும் அந்தச் செயலுக்குரிய ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. நியூ, பிரிண்ட், டெலீட், டைப், ரைட், க்விட் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். எம் என்ற எழுத்து முழுப் பட்டியலையும் காட்டும். உள்ளே நுழைந்ததும் முதலில் பிரிண்ட் கொடுங்கள். அறியத்தக்க அட்டவணை இல்லை, புதிய டாஸ் லேபிள் உருவாக்கப்பட்டது என்ற செய்தி புதிய வன்தட்டில் இயல்பு. தரவு உள்ளதாக நீங்கள் நம்பும் வன்தட்டில் அந்தச் செய்தி வந்தாலோ, புதியது என்று நம்பும் வன்தட்டில் பழைய பார்ட்டிஷன்கள் தெரிந்தாலோ, உடனே க்விட் கொடுத்து வெளியே வந்து அடையாளத்தை மறுபடி சரிபாருங்கள். எல்லாம் சரியென்றால் ஜி என்ற எழுத்து புதிய ஜிபிடி அட்டவணையை நினைவகத்தில் தொடங்கும். நியூ கொடுத்துப் பார்ட்டிஷன்களை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.

தொடக்க செக்டராக எஃப்டிஸ்க் தானே முன்வைக்கும் 2048 என்ற எண்ணை மாற்றாதீர்கள். 512 பைட் செக்டரில் அது சரியாக 1 மெபிபைட் (1024 கிலோபைட், ஒரு கிலோபைட் 1024 பைட் என்ற கணக்கில்). இன்றைய வன்தட்டுகள் பல வெளியே 512 பைட் செக்டர்களைக் காட்டினாலும் உள்ளே 4096 பைட் செக்டர்களில் இயங்குகின்றன. பழைய வழக்கப்படி 63-ஆம் செக்டரில் பார்ட்டிஷனைத் தொடங்கினால் கோப்பு முறைமையின் ஒவ்வொரு தொகுதியும் இரண்டு உள் செக்டர்களில் பரவி, சிறிதளவு எழுதுவதற்குக்கூட வன்தட்டு படித்து, மாற்றி, மீண்டும் எழுத வேண்டியதாகி வேகம் குறையும். முடிவு செக்டரைக் கணக்கிட வேண்டியதில்லை. கூட்டல் குறி போட்டு 200 என்று எழுதி ஆங்கில எழுத்து ஜியைச் சேர்த்தால் 200 கிபிபைட் ஒதுக்கப்படும் (ஒரு கிபிபைட் 1024 மெபிபைட்). இங்கே அலகைக் கவனியுங்கள்: தயாரிப்பாளர்கள் சொல்லும் 2 டெராபைட் என்பது 2 லட்சம் கோடி பைட்டுகள்; 1024-இன் மடங்கில் கணக்கிடும் கருவியில் அது ஏறத்தாழ 1863 கிபிபைட்டாகத் தெரியும். வித்தியாசத்தைக் கண்டு எதுவோ தொலைந்துவிட்டதாகப் பதற வேண்டாம். கடைசிப் பார்ட்டிஷனுக்கு அளவைக் கேட்கும்போது வெறுமனே என்டர் தட்டினால் மீதி இடம் முழுவதும் அதற்குப் போகும்.

எழுதும் முன் இன்னொரு முறை பிரிண்ட் கொடுத்து, மேலே தெரியும் மாடல் பெயரையும் கீழே உள்ள எண்களையும் வாய்விட்டுப் படியுங்கள். பிறகுதான் ரைட். அட்டவணை எழுதப்பட்டும், வன்தட்டு பயன்பாட்டில் இருப்பதால் கர்னல் அதைப் படிக்க முடியவில்லை என்று செய்தி வந்தால், அட்டவணையை மீண்டும் படிக்கச் சொல்லும் பார்ட்புரோப் கட்டளையை ஓட்டுங்கள். அதற்கும் இசையாவிட்டால் கணினியை மறுபடி தொடங்கிய பிறகே அடுத்த வேலைக்குச் செல்லுங்கள். கர்னல் பழைய அட்டவணையை நினைவில் வைத்திருக்கும் நிலையில் ஃபார்மட் செய்வது, இல்லாத எல்லைகளுக்குள் எழுதுவதற்கு ஒப்பாகும்.

கோப்பு முறைமையை உருவாக்கும்போது பெயரின் இறுதியில் பார்ட்டிஷன் எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணில்லாத பெயர் முழு வன்தட்டையும் குறிக்கும். என்விஎம்இ வகை எஸ்எஸ்டியில் எண்ணுக்கு முன் பி என்ற எழுத்தும் வரும். ஏற்கெனவே ஒரு கோப்பு முறைமை இருப்பதைக் கண்டால் ஈஎக்ஸ்டி4 கட்டளை நிறுத்தித் தொடரலாமா என்று கேட்கும். புதிய வன்தட்டில் அந்தக் கேள்வி வரக் காரணமே இல்லை. வந்தால் தவறான இடத்தில் நிற்கிறீர்கள் என்று கொள்ளுங்கள். கேள்வியைத் தவிர்க்கும் கட்டாய விருப்பத்தை ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

பழைய வன்தட்டில் பார்ட்டிஷனைச் சுருக்குவதற்கு வரிசை ஒன்றே ஒன்று: முதலில் கோப்பு முறைமை, பிறகு பார்ட்டிஷன். பெரிதாக்கும்போது இது தலைகீழாக மாறும். கோப்பு முறைமை எது என்பதும் முக்கியம். ஈஎக்ஸ்டி4 மவுண்ட் ஆகாத நிலையில் மட்டுமே சுருங்கும். ஆகவே இயங்குதளமே இருக்கும் ரூட் பார்ட்டிஷன் என்றால், நிறுவாமலேயே இயங்கும் லைவ் லினக்ஸ் ஒன்றை யுஎஸ்பியிலிருந்து தொடங்கி அங்கிருந்து செய்ய வேண்டும். பிடிஆர்எஃப்எஸ் மவுண்ட் ஆன நிலையிலேயே சுருங்கும். எக்ஸ்எஃப்எஸ்ஸை நடைமுறையில் சுருக்க இயலாது என்றே கொள்ள வேண்டும். தரவை வேறிடத்துக்கு நகலெடுத்து, சிறியதாகப் புதிதாக உருவாக்கி, திரும்பக் கொண்டுவருவதே வழி. லக்ஸோ எல்விஎம்மோ இடையில் இருந்தால் அந்த அடுக்கையும் உள்ளிருந்து வெளியே என்ற வரிசையில் சுருக்க வேண்டியிருப்பதால், அதை இந்தப் பதிலோடு கலக்க விரும்பவில்லை.

ஈஎக்ஸ்டி4 என்று வைத்துக்கொள்வோம். இறுதியில் பார்ட்டிஷன் 300 கிபிபைட் ஆக வேண்டும். முதலில் ஈ2எஃப்எஸ்சிகே கட்டளையால் கட்டாயச் சோதனை. பிறகு ரீசைஸ்2எஃப்எஸ் கட்டளையால் கோப்பு முறைமையை 300-க்கு அல்லாமல் 280-க்குச் சுருக்குங்கள். இடையில் விடும் 20 கிபிபைட் வீணல்ல. அடுத்த கட்டத்தில் கணக்கு சற்றுப் பிசகினாலும் கோப்பு முறைமையின் வால் வெட்டுப்படாமல் அது காக்கும். அடுத்துப் பார்ட்டிஷனின் எல்லையை மாற்றுவது. எஃப்டிஸ்க்கில் அந்தப் பதிவை நீக்கி, அதே தொடக்க செக்டரில் புதிய முடிவுடன் உருவாக்கலாம். பழைய அடையாளத்தை அழிக்கட்டுமா என்று அது கேட்கும்போது கட்டாயம் வேண்டாம் என்றே சொல்ல வேண்டும். ஆனால் ஜிபிடியில் இப்படி நீக்கி உருவாக்கினால் பார்ட்டிஷனின் தனி அடையாள எண் மாறிவிடும். இயங்குதளத்தைத் தொடக்கும் பூட் லோடர் அந்த எண்ணை நம்பியிருந்தால் கணினி தொடங்காது. அதனால் இந்த ஒரு வேலைக்கு மட்டும் பார்ட்டெட்டின் ரீசைஸ்பார்ட் கட்டளை எனக்கு உகந்ததாகப் படுகிறது. பதிவு நீக்கப்படுவதில்லை, அடையாள எண்ணும் மாறுவதில்லை.

அதில் ஒரு பொறி இருக்கிறது. ரீசைஸ்பார்ட் கேட்பது பார்ட்டிஷனின் அளவை அல்ல, அது முடிய வேண்டிய இடத்தை. பார்ட்டிஷன் 513-ஆம் மெபிபைட்டில் தொடங்குகிறது என்றால், 300 கிபிபைட் என்பது 307200 மெபிபைட். முடிவு 307713 மெபிபைட்டில் அமைய வேண்டும். தொடக்கத்தைக் கூட்டாமல் முடிவை 300 கிபிபைட் என்று மட்டும் கொடுத்தால் பார்ட்டிஷன் 513 மெபிபைட் குறைந்துவிடும். 280-க்குச் சுருக்கி வைத்திருந்ததால் இங்கே தப்பலாம். சரியாக 300-க்குச் சுருக்கியிருந்தால் கடைசிப் பகுதி வெளியே போயிருக்கும். பார்ட்டெட்டில் அலகை மெபிபைட் என்று முதலிலேயே அமைத்துவிடுவதும் அவசியம், ஏனெனில் ஜிபி என்ற பத்தின் மடங்கு அலகில் கொடுக்கும் எண்ணை அது தோராயமாகவே எடுத்துக்கொள்ளும். எல்லை மாறியபின் அளவு எதுவும் குறிப்பிடாமல் ரீசைஸ்2எஃப்எஸ் ஓட்டினால் கோப்பு முறைமை பார்ட்டிஷன் முழுவதையும் நிரப்பிக்கொள்ளும். மறுபடி ஒரு சோதனை ஓட்டிவிட்டால் முடிந்தது. பார்ட்டிஷனின் தொடக்கத்தை நகர்த்துவது இதைவிட வேறான வேலை. உள்ளே உள்ள தரவு முழுவதையும் இடம்பெயர்க்க வேண்டியிருப்பதாலும், நடுவே மின்சாரம் நின்றால் பாதி இங்கும் பாதி அங்குமாகிவிடுவதாலும், தவிர்க்க முடிந்தால் தவிருங்கள்.

விண்டோஸும் அதே வன்தட்டில் இருந்தால் அதன் பார்ட்டிஷனை விண்டோஸுக்குள் இருந்தே சுருக்குங்கள். அதற்கு முன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்திவிட்டு முழுமையாக மூடித் திறக்க வேண்டும். விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கர் இருந்தால் அதன் மீட்புச் சாவி கையில் இருக்க வேண்டும். ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் சிறியது என்று எண்ணி ஃபார்மட் செய்துவிடாதீர்கள். இரண்டு இயங்குதளங்களின் பூட் கோப்புகளும் அங்கேதான் இருக்கின்றன. விண்டோஸின் பார்ட்டிஷன் கருவியான டிஸ்க்பார்ட்டும் உடனே எழுதும் வகைதான். அதிலுள்ள கிளீன் கட்டளை, உறுதியா என்று கேட்காமலேயே தேர்ந்தெடுத்த வன்தட்டின் அட்டவணையை அழித்துவிடும். ஆகவே ஒவ்வொரு கட்டளைக்கும் முன் லிஸ்ட் டிஸ்க் கொடுத்து நட்சத்திரக் குறி எந்த வரியில் நிற்கிறது என்று பாருங்கள்.

தவறு நேர்ந்துவிட்டால் முதலில் கையை எடுத்துவிட வேண்டும். எஃப்டிஸ்க்கில் இன்னும் ரைட் கொடுக்கவில்லை என்றால் க்விட் போதும், எதுவும் நடக்கவில்லை. எழுதிவிட்டீர்கள் என்றால் ஃபார்மட் செய்யாதீர்கள், அந்த வன்தட்டில் புதிதாக எதையும் எழுதாதீர்கள், கணினியை மறுபடி தொடங்கவும் அவசரப்படாதீர்கள். வன்தட்டு பயன்பாட்டில் இருந்திருந்தால் கர்னல் இன்னும் பழைய எல்லைகளையே வைத்திருக்கக்கூடும். சிஸ் கோப்பகத்தில் பிளாக் என்பதன் கீழ் ஒவ்வொரு பார்ட்டிஷனின் தொடக்கமும் அளவும் எண்களாகக் கிடைக்கும், அவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். டம்ப் கோப்பு இருந்தால் அதைத் திரும்பக் கொடுத்தாலே அட்டவணை வந்துவிடும். அது இல்லாமல் ஜிபிடியின் முதல் பிரதி மட்டும் கெட்டிருந்தால் ஜிடிஸ்க்கின் மீட்புப் பட்டியலில் இறுதியில் உள்ள பிரதியிலிருந்து மீட்கும் வழி இருக்கிறது. இரண்டும் இல்லையென்றால் டெஸ்ட்டிஸ்க், வன்தட்டைத் துழாவிக் கோப்பு முறைமைகளின் தொடக்கங்களைத் தேடித் தரும். யுஎஸ்பி பெட்டியிலிருந்து கழற்றி நேரடியாகக் கணினியில் பொருத்திய வன்தட்டில் பார்ட்டிஷன்கள் தெரியவில்லை என்றால், அவை அழிந்துவிட்டதாக முடிவு செய்யும் முன் மீண்டும் அதே பெட்டியில் போட்டுப் பாருங்கள்; சில பெட்டிகள் செக்டர் அளவை 4096 ஆக மாற்றிக் காட்டுவதால் அட்டவணை வெளியே வேறாகப் படிக்கப்படும்.

எல்லாம் சரியாக முடிந்தபின், கணினி தொடங்கும்போது மவுண்ட் ஆக வேண்டியவற்றைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் புதிய பார்ட்டிஷன்களைச் சேர்க்கும்போது எஸ்டிபி போன்ற பெயரைத் தவிர்த்து, பிஎல்கேஐடி கட்டளை காட்டும் யூயூஐடி என்ற தனி அடையாள எண்ணையே எழுதுங்கள். கணினி தொடங்க இன்றியமையாததல்லாத பார்ட்டிஷனுக்கு நோஃபெயில் என்ற விருப்பத்தைச் சேர்த்தால், ஒருநாள் அந்த வன்தட்டு கழற்றப்பட்டிருந்தாலும் கணினி நடுவழியில் நிற்காமல் தொடங்கும். மறுபடி தொடங்கும் முன் ஃபைண்ட்எம்என்டி கட்டளையின் வெரிஃபை விருப்பத்தால் கோப்பைச் சோதித்து, பிழை ஏதும் இல்லையென்று கண்டபிறகு, புதிய அட்டவணைக்கும் ஒரு டம்ப் எடுத்துப் பழையதன் பக்கத்தில் தேதியிட்டு வைத்துவிடுங்கள்.